இருநூறு மீட்டர் தாங்கும்

எட்வர்ட் செய்கிற கைக்கடிகாரம் கடலுக்கடியில் இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும். சந்தேகம் இருந்தால் டயலைப் பார்த்துக்கொள்ளலாம், ஆறு மணிக்கு மேலே பொடி எழுத்தில் போட்டிருக்கும். போட்டவன் எட்வர்ட்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதும் கிடையாது.

அதைக் குறை சொல்லவும் ஆள் இல்லை. வாங்குகிறவர்கள் எல்லாம் பெங்களூரிலும் ஓ.எம்.ஆரிலும் ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளைகள். அந்தக் காலத்தில் முக்குளிக்கிறவர்களுக்கென்று செய்தார்களே, அதே மாதிரி வேண்டும், கனமாக வேண்டும், முள்ளில் பூசுகிற வெளிச்சப் பூச்சு அறுபது வருஷம் வெயிலில் கிடந்து மங்கினது போல டீ கலரில் வேண்டும் என்று கேட்பார்கள். அப்படியே செய்து கொடுத்தால், கை கழுவும்போது கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். ஒருத்தன் போன் பண்ணி, "ப்ரோ, இத மழைல போட்லாமா?" என்று கேட்டான். எட்வர்ட் இருநூறு மீட்டர் கணக்கை விளக்க ஆரம்பித்தான். அவன் பெண்டாட்டி மோனிகா போனைப் பிடுங்கி, "தாராளமா போடுங்க சார், கூட ஒரு கொடையும் புடிச்சுக்குங்க" என்றாள். ஆர்டர் எடுப்பது, இன்ஸ்டாகிராமில் படம் போடுவது, இந்த மாதிரி ஆட்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவள்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பின்பக்க ரோட்டில் அவர்கள் ஷெட். ஒரு பக்கம் இரும்புக்குத் துத்தநாகம் பூசுகிற கம்பெனி, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டி கம்பெனி. ஷெட்டின் சொந்தக்காரர் வாடகை வாங்க வரும்போதெல்லாம் ஒரு கடிகாரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "புதுசா செஞ்சு அத்த பழசாக்கி விக்கிறியே நைனா, நேரா பழசையே வாங்கி வித்தா இன்னா?" என்று கேட்பார். முதலில் எட்வர்ட் விளக்கம் சொல்லிப் பார்த்தான். இப்போதெல்லாம் "ஆமா நைனா" என்று சொல்லிவிடுகிறான்.

ஆனால் ஒன்று. கடிகாரத்தில் பழசு என்பது வேஷமாக இருக்கலாம், இருநூறு மீட்டர் வேஷம் இல்லை. அதில் எட்வர்ட் கண்டிப்பான ஆள். முன்னே ஒரு வால்வு கம்பெனியில் டெஸ்டிங்கில் இருந்தவன். வால்வுக்குள் தண்ணீர் நிரப்பி, பம்ப் அடித்து, பிரஷர் ஏற்றி, கேஜில் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கவில்லை என்றால் சாக்பீஸால் மேலே ஓகே என்று எழுத வேண்டும். ஓகே எழுதின வால்வில் அதற்கப்புறம் எவனும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. மேனேஜரே வந்து கேட்டாலும் கூடாது. கம்பெனி குஜராத்துக்குப் போனது, எட்வர்ட் போகவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டான்.

கடிகாரத்தை டெஸ்ட் பண்ண அவனே ஒரு சட்டி செய்து வைத்திருந்தான். தடித்த பைப் துண்டு, மேலே கீழே இரும்பு மூடி, சுற்றிலும் போல்ட். அதில் ஆட்டுத்தலையை வேக வைத்தால் எலும்புகூட மிஞ்சாது என்பாள் மோனிகா. கடிகாரத்தை உள்ளே போட்டு, தண்ணீர் நிரப்பி, இருநூறு மீட்டர் ஆழத்தில் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவும் ஏற்றுவான். வெளியே எடுத்துத் துடைத்து, லேசாகச் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டு ஐஸ் தண்ணீர் விடுவான். உள்ளே ஈரம் இருந்தால் கண்ணாடிக்கு அடியில் ஆவி அடித்துக் காட்டிக் கொடுத்துவிடும். அடிக்கவில்லை என்றால் பின்மூடி மேல் சாக்பீஸில் ஓகே.

உள்ளே மிஷினை உட்கார வைப்பதும் முள் பொருத்துவதும் சரவணன் வேலை. பொன்னேரிப் பக்கம் நிலம் உள்ள குடும்பம், நடவு என்றாலும் அறுப்பு என்றாலும் ஆளைப் பிடிக்க முடியாது. வேலையில் சுத்தம், பக்தியில் அதைவிடச் சுத்தம். ஆயுத பூஜை வந்தால் லேத்துக்குப் பொட்டு, டிரில்லிங் மிஷினுக்குப் பொட்டு, தீயணைக்கிற சிலிண்டருக்குப் பொட்டு, தண்ணீர் கேனுக்கும் பொட்டு. எட்வர்ட் கிறிஸ்தவன், ஆனாலும் ஒன்றும் சொல்வதில்லை. "கேஜ் கண்ணாடில மட்டும் வெக்காதடா, முள்ளு தெரியணும்" என்பான், அவ்வளவுதான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், நாஷ்டா நேரத்தில், அன்புசெல்வன் என்று ஒருத்தன் வந்தான். வயது முப்பதுக்குள். வண்டியின் சைலன்சர் முழுக்க உப்புக்காற்றில் துரு ஏறியிருந்தது.

"காட்டுப்பள்ளி ஹார்பர்ல கப்பலுக்கு அடியில எறங்கி வேல செய்யறேன்ணா. பாசி சொரண்டறது, சிப்பி பேக்கறது. உங்க வாட்ச் ஒன்னு வேணும்."

எட்வர்டுக்குக் கையில் இருந்த இட்லி வாய்க்குப் போகவில்லை. "எதுக்கு தம்பி?" என்று கேட்டான்.

"கட்டிக்கினு எறங்கத்தான்."

மோனிகா புருஷனைப் பார்த்தாள். புருஷன் சரவணனைப் பார்த்தான். இப்படி ஒரு காரணத்துக்காக இதுவரை யாரும் அவர்களிடம் கடிகாரம் கேட்டதில்லை.

அன்புசெல்வன் ஒரு கடிகாரத்தை எடுத்து வெளிவளையத்தைத் திருப்பிப் பார்த்தான். இறங்கும்போது வளையத்தின் முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், தண்ணீருக்குள் எத்தனை நிமிஷம் ஆனது என்பது பார்த்த உடனே தெரியும். அதற்குத்தான் அந்த வளையம். பெங்களூர்ப் பிள்ளைகள் அதை மீட்டிங்கில் பொழுது போகாமல் திருப்பிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

"ரப்பர் கையுறை போட்டுக்கினு இத்த திருப்ப முடியுமா?" என்று கேட்டான்.

பாத்திரம் தேய்க்கிற கையுறையை மோனிகா எடுத்து வந்து கொடுத்தாள். வழுக்கியது. எட்வர்டுக்கு வெட்கமாகிவிட்டது. "பல்ல ஆழமா வெட்டித் தரேன் தம்பி" என்றான். முள்ளுக்கு டீ கலர் வேண்டுமா என்று வழக்கம்போலக் கேட்டாள் மோனிகா. "அடியில ஒரே இருட்டுக்கா. நல்லா தெரியற கலரு எதுவோ அத்த பூசுங்க" என்றான் அவன்.

"மேல படகுல டைம் பாக்க ஆளு இருக்குமே?" என்றான் சரவணன்.

"இருக்கும். ஆனா அது அவன் டைமு. டீ குடிச்சுக்கினே பாப்பான். கீழ கீறவனுக்கு தனியா ஒரு டைம் வேணும்ல."

அவன் போனதிலிருந்து எட்வர்டுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை நாளும் டயலில் எழுதினது நிஜமா, வெறும் எழுத்தா என்று முதல் தடவையாகக் கடல் பார்த்துச் சொல்லப்போகிறது. அது இல்லை என்று சொல்லிவிட்டால் இந்த ஒன்று மட்டுமா பொய்? இதுவரை விற்றது அத்தனையும் பொய். வளையத்தின் பல்லை இரண்டு தரம் வெட்டினான். பின்மூடி இடுக்கில் தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் ஓரிங்கைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். சட்டிக்குள் போட்டு எடுத்தான், மறுபடியும் போட்டான், சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் போட்டான். "கடலுக்குப் போறதுக்கு முன்னாடியே அத்த நீயே சாவடிச்சிடுவ போல கீது" என்றாள் மோனிகா. ஆவி அடிக்கவில்லை. எட்வர்ட் பின்மூடியில் ஓகே எழுதினான்.

மறுநாள் மோனிகாவின் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். பட்டையை மாட்டிக் கொடுத்துவிடச் சொல்லி சரவணனிடம் விட்டுவிட்டு இருவரும் போனார்கள். சாயங்காலம் அன்புசெல்வன் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். எட்வர்ட் பந்தியில் உட்கார்ந்து பிரியாணியைப் பிசைந்தானே தவிர சாப்பிடவில்லை.

ஆவணி பிறந்து சில நாளில் அன்புசெல்வன் திரும்ப வந்தான். கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தான். கண்ணாடிக்கு அடியில் புகை மண்டினது போல இருந்தது. முள் நின்றுவிட்டது.

"தண்ணி பூந்துடுச்சுண்ணா" என்றான். கோபப்படக்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எட்வர்டுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"எவ்ளோ ஆழத்துல தம்பி?"

"பன்னெண்டு மீட்டர் இருக்கும்."

பன்னிரண்டு! இருநூறு என்று எழுதினவன் கடிகாரம் பன்னிரண்டில் மூச்சை விட்டிருக்கிறது. எட்வர்ட் ஸ்டூலில் உட்கார்ந்தான். பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது, ஆனால் சிப்காட் தரை கான்கிரீட். "மோனி, பேஜ்ல போட்டுடு. விக்கறது நிப்பாட்டியாச்சுன்னு போடு. வாங்கினவங்க எல்லாத்தையும் திருப்பி அனுப்பச் சொல்லு. அந்த எழுத்த சொரண்டிட்டுக் குடுக்கலாம்" என்றான்.

"மொதல்ல தொறந்து பாருங்க. பாக்காம கொள்ளாம இன்னா பேஜாரு இது" என்றாள் மோனிகா. அன்புசெல்வனை உட்கார வைத்து டீ கொடுத்தாள்.

எட்வர்ட் பின்மூடியைக் கழற்றினான். உள்ளே சிவப்பாக ஒரு சேறு. முதலில் துரு என்று நினைத்தான். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி மட்டமான இரும்பைத் தலையில் கட்டிவிட்டானே என்று கடைக்காரனைத் திட்ட வாயைத் திறந்தான். அப்புறம் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். துரு இப்படி நைஸாக இருக்காது. துருவுக்குத் தாழம்பூ வாசனையும் வராது.

ஓரிங்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அதன் மேல் கட்டி தட்டின ஒரு சிவப்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டு, ரப்பரை அந்த இடத்தில் அமுக்கிப் பள்ளம் பண்ணியிருந்தது. தண்ணீருக்கு அது போதும். தண்ணீர் கதவைத் தட்டி அனுமதி கேட்டுக்கொண்டா வரும்?

எட்வர்ட் நிமிர்ந்தான். சரவணன் சுவரில் மாட்டியிருந்த பாதுகாப்பு விதிகளை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"டேய்."

"ண்ணா."

"இது இன்னா?"

"குங்குமம்ணா."

"குங்குமம் எப்படிடா உள்ள போச்சு?"

"எங்கூரு கங்கையம்மன் கோயில் குங்குமம்ணா. ஆடிக் கூழு ஊத்துனப்போ குடுத்தாங்க. கொஞ்சூண்டு வெச்சேன். வெளிய வெச்சா தண்ணில கரைஞ்சுடும்ல. அதான் தொறந்து உள்ள வெச்சேன்."

அவன் சொன்னதில் தப்பு என்று எதையும் எடுத்துச் சொல்ல முடியவில்லை. வெளியே வைத்தால் கரையத்தான் செய்யும். அதுதான் எட்வர்டை இன்னும் எரிச்சல் படுத்தியது.

"மேல ஓகே எழுதியிருந்தேன்ல?"

"அது அழிஞ்சுபோச்சு. நானே திருப்பி எழுதிட்டேன்."

அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் எட்வர்ட் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. பக்கத்து அட்டைப்பெட்டி கம்பெனியில் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "என் கையெழுத்தாடா அது? மூடினது நானு, தொறந்தது நீயி, பேரு கெட்டது யாருக்கு? நாளு பூரா சட்டில போட்டு எடுத்தேனேடா, பாவி!"

"நானுந்தான் இந்த வாட்சுக்காக ஜெபம் பண்ணேன்" என்றாள் மோனிகா. "மூடியத் தொறந்தா பண்ணேன்?"

கத்தி முடித்ததும் எட்வர்டுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கடிகாரம் பொய் இல்லை! இருநூறு இருநூறுதான்! அன்புசெல்வன் பக்கம் திரும்பி, "பாத்தீல்ல தம்பி? வாட்சு மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் இவன் பண்ண வேல. புதுசா ஒன்னு செஞ்சு தரேன், இவன் கையே படாம" என்றான்.

சரவணனுக்கு அது ரோஷமாகிவிட்டது. "நான் வாட்சுக்காண்ணா வெச்சேன்? வாட்சுக்கு இன்னா, போனா வேற ஒன்னு செய்யலாம். அவுரு எறங்கறாரேன்னு வெச்சேன்" என்றான்.

அன்புசெல்வன் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தான். "புதுசு செஞ்சா அதுலயும் வெச்சுக் குடுங்க" என்றான்.

"அதாலதான தம்பி தண்ணி பூந்துச்சு!"

"பூராத மாதிரி வெச்சுக் குடுங்கண்ணா. நான் எறங்க ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆச்சு. எனக்காக ஒருத்தரும் ஒன்னும் வெச்சதில்ல." சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வேறு வழி இல்லாமல் எட்வர்ட் கடிகாரத்தின் வரைபடத்தில் குங்குமத்துக்கு இடம் ஒதுக்கினான். பின்மூடியின் உள்பக்கம், நட்டநடுவில், ஓரிங்குக்கு எட்டாத தூரத்தில், மிளகு அளவுக்கு ஒரு குழி. குங்குமத்தை வைத்து மேலே பிசின் ஊற்றிக் காயவிட வேண்டும். அளவு எழுதுகிற இடத்தில் எல்லாப் பாகத்துக்கும் பெயர் போடுவது வழக்கம். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, 'குங்குமக் குழி' என்றே எழுதினான். சரவணன் கை கால் கழுவிவிட்டு வந்து வைத்தான். அப்புறம் மூடி, சட்டியில் போட்டு, ஆவி பார்த்து, ஓகே எழுதினான் எட்வர்ட். இந்தத் தடவை கடிகாரத்தைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுப் பட்டனும் போட்டுக்கொண்டான்.

"இந்த முறை நானே கண்ணால பாக்கணும்" என்று அன்புசெல்வனுக்குப் போன் பண்ணினான். துறைமுகத்துக்குள் வெளியாளை விட மாட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுப் பக்கம் வேறு வேலை இருக்கிறது, மூழ்கிப்போன ஒரு பழைய விசைப்படகில் வலை மாட்டிக்கொண்டு கிடக்கிறது, அறுத்து எடுத்துத் தர வேண்டும், வேண்டுமானால் வாருங்கள் என்றான் அவன். "சர்ச்சுக்கு மட்டம் போட்டுட்டு கடலுக்கா?" என்றாள் மோனிகா. ஆனாலும் அவனுக்கும் கூடப் போகிற சரவணனுக்கும் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள்.

சின்னதுரை என்கிறவரின் ஃபைபர் படகு. வலையும் அவருடையதுதான். படகு நடுவில் காற்றுப் பம்ப் ஒன்று தடதடவென்று ஓட, அதிலிருந்து மஞ்சள் குழாய் ஒன்று போய் அன்புசெல்வன் வாயில் முடிந்தது. அன்புசெல்வன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, கையுறையோடு வளையத்தைத் திருப்பிப் பார்த்தான். திரும்பியது. "கால் மணி நேரம், வந்துடறேன்" என்று பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் போனான்.

எட்வர்ட் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓரிங்கை நினைத்தான். பிசின் சரியாகக் காய்ந்ததா? சாவிப் பக்கத்து ரப்பர் சரியா? மேலே குமிழி வந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பின்மூடி, கண்ணாடி, சாவி என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் கழற்றி மாட்டினான்.

கால் மணி நேரம் ஆனது. ஆள் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஆனது. காற்று கிளம்பித் தண்ணீர் சுருக்கம் சுருக்கமாகிவிட்டது.

"குமிழி எங்க?" என்றான் எட்வர்ட்.

"அலையில தெரியாதுபா" என்றார் சின்னதுரை.

"காணோமே! இங்கதான வந்துக்கினு இருந்துச்சு?" எட்வர்ட் எழுந்தான், படகு ஆடியது, மஞ்சள் குழாயை எட்டிப் பிடித்தான். இழுத்தால் ஆள் வந்துவிடுவான் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"தே! கொழாய உடு!" என்று அதட்டினார் சின்னதுரை. "அவன் மூச்சு அதுலதான் கீது."

எட்வர்ட் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தான். ஓரிங், பிசின், சாவி எல்லாம் மண்டையை விட்டுப் போய்விட்டது. அடியில் ஒரே இருட்டு என்று சொன்னானே, இருட்டில் வலை காலைச் சுற்றினால் எவனுக்குத் தெரியும்? முப்பது வயதுகூட ஆகவில்லையே. கல்யாணம் ஆனவனா, அம்மா இருக்கிறாளா, ஒன்றுமே கேட்காமல் போனோமே. மணிக்கட்டின் சுற்றளவை மட்டும் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து வைத்திருக்கிறோம். சீ.

எதிரே சரவணன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு மட்டும் அசைந்தது.

"இன்னாடா சொல்லிக்கினு இருக்க?"

"ஒன்னும் இல்லண்ணா."

"சத்தமாத்தான் சொல்லேன்டா" என்றான் எட்வர்ட்.

சரவணன் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தான். அப்புறம் சத்தமாகச் சொன்னான். எட்வர்டுக்கு அந்த அம்மன் பெயர் எல்லாம் தெரியாது. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று அவனுக்குத் தெரிந்ததை அவன் சொன்னான். பம்ப் சத்தத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்து போயிற்று. சின்னதுரை பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்.

படகுக்கு அந்தப் பக்கம் தலை ஒன்று மேலே வந்தது.

"வலை நாலு எடத்துல சிக்கிக்கினு இருந்துச்சு" என்றான் அன்புசெல்வன், வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டு. "லேட்டாயிடுச்சுன்னு தெரியும், மணி பாத்துக்கினுதான் இருந்தேன். காத்து ஓடுதே, முடிச்சுட்டே வந்துடலாம்னு இருந்துட்டேன்."

எட்வர்ட் படகுக்குள் தவழ்ந்து போய் அவன் கையைப் பிடித்தான். அன்புசெல்வன் சிரித்துக்கொண்டே மணிக்கட்டைத் திருப்பி டயலைக் காட்டினான். "பாருண்ணா, ஆவிகூட அடிக்கல. முள்ளு எவ்ளோ ஜோரா தெரியுது பாரு."

எட்வர்ட் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கை ஜில்லென்று இருந்தது, உள்ளே நாடி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணா? இத்த பாக்கத்தான வந்த?"

"பாக்கறேன்பா. நீ மொதல்ல மேல ஏறு."

"கைய உட்டாத்தானபா அவன் ஏறுவான்" என்றார் சின்னதுரை.